கைமெசினும் தோலும்: ஒரு தெரிவின் நிறைகுறைகள்

பழைய சிங்கர் தையல்மெசின் எதையும் தைக்கும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. பணப்பை, கைப்பை, செருப்பு வார், மாட்டுக் கழுத்துப்பட்டி என்று தோல்வேலை தொடங்க நினைக்கும் ஒருவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முதலில் விசாரிப்பது, எந்த வீட்டில் பழைய கைமெசின் சும்மா கிடக்கிறது என்பதைத்தான். இந்த வழக்கத்தில் அனுபவ அறிவு இருக்கிறது. அதே அளவுக்கு மயக்கமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் தோலும் பாழ், மெசினும் பாழ்.

நம்பிக்கையின் வேர் ஆழமானது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் 1885இல் திறக்கப்பட்ட அதன் தொழிற்சாலை, 1913ஆம் ஆண்டில் மட்டும் பதின்மூன்று இலட்சம் மெசின்களுக்கு மேல் அனுப்பியது. 1980இல் அது மூடப்பட்ட பிறகும் அங்கே வார்த்த இரும்பு உலகெங்கும் சுழன்றுகொண்டிருக்கிறது. வன்னியில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. கையால் சுற்றும் மெசினும் காலால் மிதிக்கும் மெசினும்தான் தைத்தன. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களும், 2008, 2009இல் மேற்கிலிருந்து கிழக்காக முள்ளிவாய்க்கால் வரை ஒதுங்கியவர்களும் எதை விடுவது, எதைக் கொண்டுபோவது என்று திரும்பத் திரும்ப முடிவெடுக்க வேண்டியிருந்தது. மரப்பெட்டியோடு தூக்கிச் செல்லக்கூடிய கைமெசின், இறக்கிவைத்த இடத்திலேயே வேலை தொடங்கக்கூடியது. அத்தகைய கருவிமீது மனிதருக்குப் பற்று வருவது இயல்பு.

தோலுக்கும் கைப்பிடிக்கும் உள்ள பொருத்தம் வெறும் பற்று அல்ல. துணியில் தப்பாக விழுந்த தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஆறாது. ஒரே வரியில் இரண்டு முறை தைத்தால் அந்த வரியிலேயே தோல் கிழியும். ஆகவே தோலுக்கு வேண்டியது வேகம் அல்ல, ஒவ்வொரு ஊசியும் எங்கே விழும் என்ற கட்டுப்பாடு. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் சுமார் மூன்று தையல் விழும். மூலை வரும்போது அரைத் தையலில் நிறுத்தி, ஊசியைத் தோலுக்குள் வைத்தபடியே திருப்பலாம். வீட்டு மெசினில் பூட்டும் சிறு மோட்டார் மெதுவாக ஓடும்போது வலு இழக்கிறது. தடித்த இடத்தில் நின்றுவிட்டுப் பிறகு திடீரெனப் பாய்கிறது. கையோ எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அதே வலுவைக் கொடுக்கும். ஊசி திணறுவதை விரல்கள் முன்கூட்டியே உணர்ந்து நின்றுவிடும். பாகங்கள் திருகாணியால் கழற்றிப் பூட்டக்கூடியவை என்பதால் பழுதை ஊரிலேயே பார்க்கலாம்.

குறைகளும் இதே அமைப்பிலிருந்துதான் பிறக்கின்றன. முதலாவது, வலக்கை கைப்பிடியிலேயே கட்டுண்டு கிடக்கிறது. வழுக்கும் தோலை நேராக நடத்த இடக்கை மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது, வீட்டு மெசின் கீழேயுள்ள பற்களால்தான் துணியை நகர்த்துகிறது. மேலேயுள்ள பாதம் அழுத்திப் பிடிக்கிறதே தவிர நகராது. தோல் அந்தப் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தோல் முன்னேற மேல்தோல் பின்தங்கும். தையல்கள் வரவரக் குறுகும். குறுகிய தையல் என்றால் நெருக்கமான ஓட்டைகள், நெருக்கமான ஓட்டைகள் என்றால் பலவீனமான விளிம்பு. கீழ்ப்பற்கள் தோலின் அடியில் தடம் பதிப்பது இன்னொரு தொல்லை. விளிம்புகளைப் பசையால் ஒட்டிக்கொள்வதும், கீழே மெல்லிய கடதாசி வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுப்பதும், உருளைப் பாதம் பூட்டுவதும் இவற்றை ஓரளவு தணிக்கும். முற்றாக நீக்காது.

மூன்றாவது குறைதான் பெரியது: நூல். வீட்டு மெசின் மெல்லிய நூலுக்காகப் பிறந்தது. டெக்ஸ் 70 அளவுள்ள நைலோன் நூலும் 18ஆம் இலக்க ஊசியும் அதற்கு வசதியான எல்லை. வாருக்கும் செருப்புக்கும் வேண்டிய டெக்ஸ் 135 நூலைக் கொடுத்தால் 22, 23ஆம் இலக்க ஊசி தேவைப்படும். அந்த ஊசி தான் இறங்கும் தகட்டிலும் கொக்கியிலும் உரசும். நூல் பொபின் கூட்டைச் சுற்றிவர இடமின்றிச் சிக்கும். இரும்பு பலமாக இருப்பதால் இந்த இடைவெளிகள் பெருகிவிடுவதில்லை. எதையும் தைக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது.

மாதிரிக்கு மாதிரி வேறுபாடும் உண்டு. நம் வீடுகளில் அழகுக்காகவே போற்றப்படும் சிங்கர் 28, 128 வகைகளில் தோட்டா வடிவ ஓடம் முன்னும் பின்னும் ஊசலாடும். அதற்குள் இருக்கும் ஒல்லியான நீள பொபினில் நூல் கொஞ்சமே கொள்ளும். பின்னோக்கித் தைக்கும் வசதியும் இல்லை. மெல்லிய ஆட்டுத்தோல் பணப்பைக்கு அது போதும், அதற்கு மேல் கேட்கக்கூடாது. 99ஆம் வகை, சிங்கர் 66ஆம் வகையின் சிறிய தம்பி; மேலிருந்து போடும் வட்ட பொபின் வசதியானது. என் தெரிவு 15ஆம் வகை. ஜப்பானும் இந்தியாவும் சீனமும் பெருமளவில் பின்பற்றிய அமைப்பு அது. அதனால் பொபின் கூடு முதல் நூல் இறுக்கும் வில் வரை உதிரிப்பாகம் இலகுவாகக் கிடைக்கும். இந்த வகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான 15×1 ஊசியில் தோலை வெட்டிச் செல்லும் முனையுள்ளதும் உண்டு. நன்றாக இருக்கும் 15ஆம் வகைக் கைமெசின், சேர்த்து மடித்த தடிப்பு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் அடங்கும் மென்தோலை ஒழுங்காகத் தைக்கும். மடிப்பு விளிம்புகளைக் கத்தியால் சீவி மெலிதாக்கப் பழகினால் அந்த எல்லைக்குள்ளேயே நிறையச் செய்யலாம்.

அதைத் தாண்டினால் வேறு பிறவி வேண்டும். செருப்புத் தைக்கும் மெசின் என்று சொல்லப்படும் சிங்கர் 29ஆம் வகை அதுதான். அதில் கீழ்ப்பற்கள் இல்லை. மேலேயுள்ள பாதமே தோலைக் கவ்வி இழுத்துச் செல்லும். பாதத்தை எந்தத் திசைக்கும் சுழற்றலாம் என்பதால் தோலைத் திருப்பாமலே வளைவு தைக்கலாம். ஒல்லியான நீண்ட கை, சப்பாத்துக்குள்ளும் குழாய் வடிவப் பொருளுக்குள்ளும் நுழையும். ஆனால் இதற்கும் புகழ் பாடிவிட்டு நிறுத்த முடியாது. பழையவற்றின் பொபின் மிகச் சிறியது. கைக்குள் ஓடும் பற்சக்கரங்கள் தேய்ந்தால் ஓடம் ஊசியோடு சேராமல் தப்பும். பாதத்தின் பற்கள் மேல்தோலில் தடம் விடும். இதே அமைப்பில் மலிவாக வரும் சீனக் கைமெசினில் வார்ப்பு கரடுமுரடானது. நூல் செல்லும் இடங்களையெல்லாம் அரத்தாலும் மணற்கடதாசியாலும் தேய்த்துச் சரிசெய்யும் பொறுமை உள்ளவருக்கு மட்டும் அது பயன்படும்.

எந்த மெசினும் தீர்வாகாத வேலையும் உண்டு. மெசின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொளுவி நிற்கின்றன. ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தால் அடுத்தடுத்த தையல்கள் தளரும். இரண்டு ஊசியால் ஒரே ஓட்டைக்குள் எதிரெதிராக நூலைச் செலுத்தும் கைத்தையலில் ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். பாரம் இழுக்கும் மாட்டுப் பட்டிக்கும், செயற்கைக் காலை உடலோடு பிணைக்கும் தோல் வாருக்கும் இந்த வேறுபாடு பெரிது. போரில் காலிழந்த பலர் வாழும் மண் இது. ஜெய்ப்பூர்க் கால் எனும் செயற்கைக் காலைச் செய்யும் நிலையம் யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்குகிறது. ஆனால் அறுந்த ஒரு வாருக்காகத் துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ ஒருவர் தூரப் பயணம் போக வேண்டிய நிலை இருக்கக்கூடாது. அந்த வாரைத் தைக்கத் தெரிந்த கை ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்க வேண்டும்.

அந்த அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. சந்தை ஓரத்தில் குந்தியிருந்து குத்தூசியால் செருப்புத் தைக்கும் மனிதரிடம் அது இருக்கிறது. தோல்வேலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டி, அதை இழிவென்று ஒதுக்கிய சாதிய மனம்தான் அவரை ஆசிரியராக ஏற்க விடாமல் தடுத்தது. இன்று தோல் கைவினை கௌரவமாகிவிட்ட காலத்திலும், மெசினைப் பற்றி எல்லோரிடமும் கேட்கும் நாம் தோலைப் பற்றி அவரிடம் கேட்பதில்லை. பழைய மெசினை வியப்பதைவிட அவருடைய அறிவை மதிப்பது அவசரமானது.

பழைய மெசின் வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் வன்னிக்கென்று சில உண்டு. இடம்பெயர்வின்போது மண்ணில் புதைத்தோ கூரையில்லா வீட்டில் விட்டோ போன மெசின்கள் பின்னர் பூச்சுப் பூசப்பட்டு விற்பனைக்கு வரலாம். முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று வேறு. பளபளப்பைப் பார்க்காமல், தகட்டைக் கழற்றி ஓடம் ஓடும் பாதையில் துரு தின்ற குழிகள் உண்டா என்று பாருங்கள். ஊசித்தண்டை விரலால் அசைத்து ஆட்டம் பாருங்கள். கைப்பிடிப் பெட்டியின் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பசையாக இறுகிய மெசினை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, பிறகு மெசின் எண்ணெய் போட்டால் மீட்கலாம். துரு தின்றதை மீட்க முடியாது. தொடர் இலக்கம் தொழிற்சாலையையும் ஆண்டையும் சொல்லும், தரத்தைச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தைக்கப்போகும் அதே தோலையும் நூலையும் கையோடு கொண்டுபோய்த் தைத்துப் பாருங்கள். மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கத் தையல்தான் உண்மை பேசும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் ஒரே மெசின்தான் இருக்கிறது, அதில் அம்மாவோ அக்காவோ பள்ளிச் சீருடை தைத்து உழைக்கிறார் என்றால், அதில் தோலை ஏற்றாதீர்கள். அரசு 1993 முதல் மாணவருக்கு இலவசச் சீருடைத்துணி தருகிறது; அதைத் தைத்துக்கொடுப்பது பல பெண்களின் வருமானம். தடித்த தோலில் ஊசி வளைந்து கொக்கியில் ஒரு கீறல் விழுந்தால், அதன்பின் மெல்லிய வெள்ளைத் துணியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். குடும்பத்தைத் தாங்கும் கருவியைப் பரிசோதனைக்கு எடுப்பது நியாயமல்ல.

மென்தோல் சிறுபொருட்களுக்கு 15ஆம் வகைக் கைமெசின், செருப்புக்கும் பைகளின் தடித்த பகுதிக்கும் 29ஆம் வகை, உயிரும் உடலும் பாரமும் நம்பியிருக்கும் வாருக்குக் கைத்தையல்: இதுவே என் தீர்ப்பு. வாழ்வாதார உதவியாக மெசின் கொடுக்கும் அமைப்புகளும் வெளிநாட்டிலிருந்து உதவும் உறவுகளும் கொடுப்பதற்கு முன் பெறுபவர் எதைத் தைக்கப் போகிறார் என்று கேளுங்கள். தோல் என்று சொன்னால், மெசினோடு தோல் ஊசியும் சரியான நூலும், கூடவே ஒரு செருப்புத் தொழிலாளியிடம் கற்பதற்கான கூலியும் சேர்த்துக் கொடுங்கள்.