அணைக்காத விளக்கு

ஆன் பெட்ரியின் ‘தி ஸ்ட்ரீட்’ (1946) நாவலை ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ (1940) பக்கத்தில் வைத்து, இன்னொரு இயல்புவாத எதிர்ப்பு நாவல் என்று முடித்துக்கொள்வது வசதியானது. கொலை இருக்கிறது, ஹார்லெம் இருக்கிறது, போதும். எனக்கு இதன் மையம் கொலையில் இல்லை. ஒரு மின்விளக்கில் இருக்கிறது.

லூட்டி ஜான்சன் கணவனைப் பிரிந்த கறுப்புப் பெண். கனெக்டிகட்டில் வெள்ளைக்காரர் வீட்டோடு தங்கி அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட காலத்தில்தான் அவள் குடும்பம் உடைந்தது. பிறகு சலவைக்கூடத்தில் உழைத்து, இரவில் டைப்பிங் படித்து, குமாஸ்தாவாகி, எட்டு வயது மகன் பப்போடு 116-வது தெருவில் குடியேறுகிறாள். அவள் இல்லாத வேளையில் பையன் பயந்து விளக்கை எரியவிடுகிறான்; கரண்ட் செலவுக்குப் பயந்து இவள் கடிந்துகொள்கிறாள். எந்நேரமும் பணம், பணம் என்றே பேசுகிறாள். அவன் ஷூ பாலிஷ் பெட்டியோடு தெருவில் நிற்பதைக் கண்டதும் அறைகிறாள். அந்த அறை விழுவது பையன்மேல் அல்ல, அவனுக்காகக் காத்திருக்கும் எதிர்காலத்தின்மேல்.

கட்டடக் காவலாளி ஜோன்ஸ், போலீசுக்கு உதவுவதாகச் சொல்லி, தபால் பெட்டிகளிலிருந்து கடிதம் திருட அவனைப் பழக்குகிறான். முதலில் மறுத்த பையன், அம்மாவின் பணக்கவலையைத் தீர்க்கத்தான் பிறகு இணங்குகிறான். தாயின் பதற்றம் பிள்ளைக்குள் அன்பாகவே இறங்கி அவனைச் சீர்திருத்தக் காவலுக்கு அனுப்புகிறது. மனநலம் பற்றிய எத்தனையோ பிரசுரங்கள் தொடாத இடம் இது.

1965-ல் மொய்னிஹன் அறிக்கை வந்தது. அடிமைமுறையையும் வேலையின்மையையும் அது சொல்லாமலில்லை. ஆனால் ‘நோய்க்கூறு’ என்ற சொல் போய் ஒட்டிக்கொண்டது தாய் நடத்தும் குடும்பத்தின்மேல். எதிர்ப்பக்கத்தில், எதையும் தாங்கும் பெண் என்ற புகழ்ச்சி. இந்தக் கட்டுக்கதையை மிஷேல் வாலஸ் 1979-ல் தாக்கினார். இரண்டுமே அவளைக் களைத்துப்போக அனுமதிப்பதில்லை.

பெட்ரியிடம் எனக்குக் குறை உண்டு. விளக்கு காட்டிவிட்டதை லூட்டி மறுபடி நினைத்து நினைத்து விளக்குகிறாள். இந்தத் தெருவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று வாசகனுக்குப் பாடம் நடத்துகிறாள். கை இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம்.

ஆனால் முடிவு செயற்கை என்பதை நான் ஒப்பவில்லை. மகனை மீட்க ஒரு வக்கீல் 200 டாலர் கேட்கிறான். அந்த வழக்குக்கு வக்கீலே தேவையில்லை, அவளுக்கு அது தெரியாது. கேட்கப்போன இடத்தில் கொலை. பையனைக் காவலிலேயே விட்டுவிட்டு சிகாகோவுக்கு ரயிலேறுகிறாள். கொலைகாரி தாயாக இருப்பதைவிடத் தாயே இல்லாமலிருப்பது அவனுக்கு நல்லது என்பது அவள் கணக்கு. மாதச் செலவைக் கூட்டிக் கழித்த அதே மனசுதான் இதையும் போடுகிறது.