ஒரு நிலையம், இரண்டு வாசல்

கோலாலம்பூரின் காஜாங் எம்ஆர்டி தடத்தின் வரைபடத்தில் ஒரு விநோதம் உண்டு. முதல் நிலையமான குவாசா டாமன்சாராவின் எண் கேஜி 04. அதற்கு முந்தைய எண்கள் எங்கே போயின என்று பலர் கேட்பதில்லை. அங்கே சுங்கை பூலோ இருந்தது. 2016 டிசம்பர் 16-ஆம் நாள் செமந்தான் வரை வண்டி ஓடத் தொடங்கியபோது தடத்தின் பெயரே சுங்கை பூலோ - காஜாங் தடம்தான். மறு ஆண்டு ஜூலை 17-இல் அது காஜாங்கைத் தொட்டது. 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். பிறகு 2022 ஜூன் 16-இல் புத்ராஜெயா தடத்தின் முதல் கட்டம் திறந்ததும் சுங்கை பூலோவும் கம்போங் செலாமாட்டும் அதன் வசம் போயின. பழைய தடம் பெயரிலும் காஜாங் மட்டும் என்று சுருங்கியது. ஒரு தடத்துக்கே பெயர் கொடுத்த தலைநிலையம், ஆறு ஆண்டு முடிவதற்குள் இன்னொரு தடத்தில் நடுவே நிற்கும் நிலையமாகிவிட்டது.

இதைத் தரமிறக்கம் என்று குறைபடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையை முதலில் எடைபோட்டுவிடலாம். முன்பு சுங்கை பூலோவில் ஏறி உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே முத்தியாரா டாமன்சாரா, பண்டார் உத்தாமா, முசியம் நெகாரா, புக்கிட் பிந்தாங் என்று போய்ச் சேர்ந்தார். இப்போது குவாசா டாமன்சாராவில் இறங்கி வண்டி மாற வேண்டும். இது இழப்புதான், ஆனால் சின்ன இழப்பு. மாறுவதற்குக் கட்டண வாசலைத் தாண்ட வேண்டியதில்லை, கட்டணமும் தொடர்ந்தே கணக்காகிறது. பதிலுக்கு வந்தது பெரியது. கெப்போங், ஜிஞ்சாங், தித்திவங்சா, கோலாலம்பூர் மருத்துவமனை, அம்பாங் பார்க், டிஆர்எக்ஸ் என்று நகரின் வடக்கும் நடுவும் நேர்வண்டியில் கைக்கு வந்தன. இவற்றில் தித்திவங்சா தொடங்கி மற்றவை 2023 மார்ச் 16-இல் வந்தன; அன்றே புத்ராஜெயா சென்ட்ரலும் வந்துவிட்டது. பெயர் போனது, வழி கூடியது. ரயில் பிடிக்க வருகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஆகவே இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்துவிட்டு மேலே போகலாம். சுங்கை பூலோ நிலையத்தின் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சிலாங்கூரின் முதல் ரயில் 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றோரப் புக்கிட் குடாவுக்கும் இடையே ஓடியது; ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. வடக்கே ரவாங், கோலகுபு நோக்கிய பாதை 1890-களின் முற்பாதியில் போடப்பட்டது. அதற்கும் ஈயம்தான் காரணம். 1901-இல் மாநில ரயில்கள் ஒன்றாகி மலாய் நாட்டுக் கூட்டரசு ரயில்வே ஆயின. குவாங்குக்கும் கெப்போங்குக்கும் இடையில், இந்த வடக்குப் பாதையின் மேல்தான் சுங்கை பூலோ உட்கார்ந்திருக்கிறது. அதாவது ஊருக்காக ரயில் வரவில்லை. ரயில் எங்கோ போகிற வழியில் இந்த ஊர் இருந்தது.

பழைய நிலையங்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்கு ஓர் ஏக்கம் வந்துவிடுகிறது. மரத்தூண், மணியோசை, வெள்ளைக் கால்சட்டை போட்ட யாழ்ப்பாணத்து ஸ்டேசன் மாஸ்டர். அந்தக் காலத்தின் ஒரு பக்கம் அது, மறுக்கவில்லை. மேசையில் யாழ்ப்பாணத் தமிழர், தண்டவாளத்தில் தமிழகத்திலிருந்து வந்த கூலிகள் என்று ரயில்வே நம்மையே இரண்டு தட்டாகப் பிரித்து வைத்திருந்தது என்பது இன்னொரு பக்கம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் ஒரு வாழ்க்கை. சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவருக்கு அப்படி இல்லை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்கும் ஆளுக்கு நினைத்த நேரத்தில் கோலாலம்பூர் போய்வர நேரமும் கிடையாது, காசும் கிடையாது. ஆகவே 'பழைய நிலையம் மக்களுடையது, புதியது கான்கிரீட்' என்ற ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. எண்ணிப் பார்த்தால் இன்றைய நிலையம் நம் மக்களுக்கு அன்றையதைவிடப் பல மடங்கு பயன்படுகிறது.

ஏக்கம் வேண்டாம், ஆனால் வரலாறு வேண்டும். ஏனென்றால் கோலாலம்பூர் நூறு ஆண்டுகளாகச் சுங்கை பூலோவை எதற்குப் பயன்படுத்தியது என்பதில்தான் நிலையத்தின் இன்றைய அமைப்புக்கு விளக்கம் இருக்கிறது. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை இங்கே வைத்தது. தாய்லாந்து வரை பரவிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் இனம் அந்தக் கழகத்தின் உழைப்பு. 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தது. அக்காலத்தில் உலகின் பெரிய தொழுநோய்க் குடியிருப்புகளில் ஒன்று அது. நோயாளிகளைக் கம்பிக்குள் அடைக்காமல் வீடும் தோட்டமும் கொடுத்து வாழவைக்க வேண்டும் என்ற டாக்டர் டிராவர்ஸின் எண்ணத்தில் எழுந்தது. இன்று அங்குள்ள பூச்செடிக் கடைகளுக்குக் கார் கட்டிப் போகிறவர்கள் அதை மறந்திருக்கலாம். 1991 மே 7-இல் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்ததும் இங்கேதான். பிறகு சிறைச்சாலை, அன்வார் இப்ராஹிம் இருந்த சிறை என்று நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. 2006-இல் மருத்துவமனை, 2020-இல் கோவிட் வந்தபோது நோயாளிகளை முதலில் அனுப்பிய இடம். நகரம் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாதவற்றை எல்லாம் இங்கே ஒதுக்கியது. நிலையமும் அதே கண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. இது நகரத்தின் ஓரம். இங்கே வருகிறவர் காரில் வந்து நிறுத்திவிட்டு நகரத்துக்குப் போகப் போகிறவர் என்ற முன்முடிவோடு.

வெளியே வந்து சுற்றிப் பார்த்தால் இது புரியும். அகன்ற சாலைகள், கார் நிறுத்தும் கட்டடம், சற்றுத் தள்ளி ரயில் பணிமனை. மருத்துவமனைக்கோ தொழுநோய்க் குடியிருப்புக்கோ போக வேண்டியவர் ஃபீடர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிராப் அழைக்க வேண்டும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலுக்குப் போன ஒரு குடியிருப்பும், நாட்டின் முக்கியமான அரசு மருத்துவமனைகளில் ஒன்றும் இந்தப் பெயரைத் தாங்கியிருக்கின்றன. அதே பெயர் கொண்ட நிலையத்தில் இறங்குகிறவருக்கு அவை இரண்டும் நடந்து சேரும் தூரத்தில் இல்லை. பணிமனைக்கும் அதற்கு அடுத்த குவாசா டாமன்சாரா நகருக்கும் நிலம் எங்கிருந்து வந்தது? ரப்பர் ஆய்வுக் கழகத்தின் மண்ணிலிருந்துதான். ஏறத்தாழ 2,330 ஏக்கரை ஊழியர் சேமநிதி வாரியத்தின் நிறுவனம் நகரமாக்கி வருகிறது. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் அடையாளம் இரண்டு தடங்களின் வரைபடத்தில் எங்கும் இல்லை. ஆர்ஆர்ஐ என்று அந்தக் கழகத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று மட்டும் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதற்காக நிலையத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. நகரத் திட்டத்தின் குற்றம் அது. ஆனால் நிலையம் அந்தத் திட்டத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது என்பதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

இனி ரயிலுக்கு உள்ளே வருவோம். 1995-இல் மின்சார கொமுட்டர் ஓடத் தொடங்கியபோது ரவாங் - சிரம்பான் தடத்தில் சுங்கை பூலோ ஒரு நிறுத்தம். 2010 ஆகஸ்டில் ஈப்போவுக்கு இடிஎஸ் என்ற நெடுந்தூர மின்சார வண்டி வந்தது. அதன்பின் எம்ஆர்டி. நெடுந்தூர வண்டி, புறநகர் வண்டி, நகர வண்டி மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் நிலையம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம் இல்லை. ஈப்போவிலிருந்தோ தைப்பிங்கிலிருந்தோ டாமன்சாரா பக்கம் வருகிறவர் கேஎல் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மாலை இங்கே நின்று பார்த்தால் போதும், பைகளும் பலகாரப் பெட்டிகளுமாக வடக்கே போகிறவர் எத்தனை பேர் என்று. நகரத்தின் நடுவில் நெரிசலைக் குறைத்துக்கொண்டு, ஓரத்திலேயே மாற விடும் சந்திப்பு. யோசனை அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வாசலில் இருக்கிறது. கொமுட்டரில் வந்தவர் அதை ஓட்டும் கேடிஎம்மின் வாசலில் டச் அண்ட் கோ கார்டைத் தட்டி வெளியே வருகிறார். நடந்து போய், அதே கார்டை எம்ஆர்டி வாசலில் தட்டி உள்ளே போகிறார். கார்டு ஒன்று, கட்டணம் இரண்டு. எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயிலுக்கு இடையே மாறினால் கட்டணம் தூரத்தைக் கணக்கிட்டுத் தொடரும். கேடிஎம்முக்கும் எம்ஆர்டிக்கும் இடையே அது அறுந்துபோகும். மாதம் 50 வெள்ளி கொடுத்து மை50 பாஸ் எடுத்தவர் ரேப்பிட் கேஎல்லின் ரயில்களிலும் பஸ்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கொமுட்டரில் அந்தப் பாஸ் செல்லாது. ரவாங்கிலிருந்து தினமும் வந்து இங்கே எம்ஆர்டிக்கு மாறும் ஒரு கடைப் பணியாளர், பாஸ் எடுத்தும் கொமுட்டருக்குத் தனியாகக் கட்டுகிறார். அதனால் அவர் என்ன செய்வார்? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்து நிறுத்துவார். கார் நிறுத்தும் கட்டடம் நிரம்புகிறது, கொமுட்டர் காலியாகிறது. பிறகு 'கொமுட்டருக்கு ஆள் வருவதில்லை' என்று ஒரு புள்ளிவிவரம் வரும்.

நேரமும் இதே மாதிரிதான். எம்ஆர்டி சில நிமிடங்களுக்கு ஒன்று. கொமுட்டருக்கு அரை மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் நிற்க வேண்டும். 2016-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இழுத்த கிள்ளான் பள்ளத்தாக்கு இரட்டைப் பாதைச் சீரமைப்பில் கொமுட்டரின் பெயர் கெட்டது. அதிலிருந்து அது முழுதாக எழுந்திருக்கவில்லை. பாதை பழுது பார்ப்பது கட்டாயம்தான். ஆனால் சந்திப்பு நிலையத்தில் இரண்டு வண்டிகளின் நேரம் ஒன்றையொன்று பார்த்து அமைய வேண்டும் என்பது பழுது பார்க்கும் விஷயமில்லை. அதற்கு ஒரே மேசையில் இரண்டு அட்டவணையையும் விரித்து வைத்துப் பேச ஒரு கூட்டம் போதும்.

இதற்குச் சொல்லப்படும் பதில்: இரண்டும் வேறு வேறு நிறுவனம், வேறு கணக்கு, வருமானத்தை எப்படிப் பிரிப்பது? இந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் 1965-இலேயே ஒரு விடை கண்டார்கள். ஹாம்புர்க் நகரில் மாநகரத்தின் சுரங்க ரயிலும் நாட்டு ரயில்வேயின் புறநகர் ரயிலும் பஸ்களும் தனித்தனி உரிமையில் இருந்தபடியே ஒரு கூட்டமைப்புக்குள் வந்தன. உள்ளே வருமானத்தை அவர்கள் எப்படியும் பங்கிட்டுக்கொள்ளட்டும், பயணிக்கு ஒரே சீட்டு. அந்த முறை நாடு முழுக்கப் பரவி, 2023 மே மாதம் 49 யூரோவில் ஒரு மாதச் சீட்டாக வந்து நின்றது. சின்னஞ்சிறு வட்டார நிலையத்தில் ஏறினாலும் நகரத்துச் சுரங்க ரயிலில் இறங்கினாலும் அது செல்லும்; அதிவேக நெடுந்தூர வண்டிக்குச் செல்லாது. விலை பிறகு ஏறியது, மானியச் சண்டையும் ஓயவில்லை. எல்லாவற்றையும் பொன்னாக நினைக்க வேண்டாம். ஆனால் எந்த வண்டியைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்ற கோடு அதில் தெளிவாக இருக்கிறது. இங்கேயும் இடிஎஸ்ஸை வெளியே விடுங்கள், கொமுட்டரை உள்ளே எடுங்கள்.

நம்முடைய நிலைமை ஹாம்புர்க்கைவிட எளிது என்பதுதான் வேடிக்கை. அங்கே ஒன்று மாநகரத்துடையது, இன்னொன்று நாட்டுடையது. இங்கே கேடிஎம் நிறுவனமும், எம்ஆர்டியை ஓட்டும் ரேப்பிட் ரயிலின் தாய்நிறுவனமான பிரசரானாவும் நிதியமைச்சின் சொத்து. பாதை அமைத்த எம்ஆர்டி கார்ப்பும் அப்படியே. காசு ஒரே சட்டையின் இடப் பையிலிருந்து வலப் பைக்குப் போவது மாதிரி. ஏறத்தாழ 21 பில்லியன் வெள்ளியில் முதல் தடத்தைக் கட்டிவிட்டு, ஒரு வாசலைப் பொதுவாக்கும் செலவைப் பற்றி யோசிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எதிர்த்தரப்பில் இன்னும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. மை50-க்கு ஏற்கெனவே அரசு மானியம் கொடுக்கிறது. கொமுட்டரையும் சேர்த்தால் தஞ்சோங் மாலிம் வரை நீளும் தூரத்துக்கு 50 வெள்ளி என்பது கட்டுபடியாகாது. உண்மை. அதற்காகத் தடம் முழுவதையும் சேர்க்க வேண்டியதில்லை. ரவாங்கிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை, கிள்ளான் பள்ளத்தாக்கின் அன்றாட எல்லைக்குள் மட்டும் சேர்க்கலாம். விலையைக் கொஞ்சம் உயர்த்தினாலும் பாஸ் எடுப்பவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், இரண்டு கட்டணம் ஒன்றாவதால்.

ஆகவே தீர்ப்பு. தடங்களின் சந்திப்பு என்ற அளவில் சுங்கை பூலோ நல்ல நிலையம்; இடமும் சரி, வண்டிகளும் சரி, தடம் மாறியதால் அது கெடவில்லை, வளர்ந்தது. ஊருக்கான நிலையம் என்ற அளவில் தோல்வி. மருத்துவமனைக்கும் குடியிருப்புக்கும் அடிக்கடி ஓடும் பஸ் வரும்வரை அந்தத் தீர்ப்பு மாறாது. பயணி ஓரிடத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறும் வசதி என்ற அளவில் பாதிதான் தேறியது. அந்த மறுபாதியைக் கையில் வைத்திருப்பது கட்டடமோ பொறியாளரோ இல்லை. நிதியமைச்சிலும் போக்குவரத்து அமைச்சிலும் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியவர்கள்.