ஏரி தெரிகிறது, ஏற்றிவிட்டவன் எங்கே?

கோடைக்கானலைக் காணாதவரும் அதன் படத்தைக் கண்டிருப்பர். முடிதிருத்தும் நிலையத்துச் சுவரிலே, மளிகைக்கடை நாட்காட்டியிலே, மாளிகையின் வரவேற்பறையிலே — நீல ஏரி, நெட்டை மரங்கள், பஞ்சு மேகம், ஓரத்தில் ஒரு படகு! அழகுதான், அழகில்லை என்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால், பழனிமலைத் தொடரைப்பற்றி அப்படம் என்ன கூறுகிறது? ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் பத்து நிமிடம் நின்று பார்த்தது எதுவோ, அதை மட்டுமே கூறுகிறது.

இந்தப் பார்வை இன்று பிறந்ததன்று. 1860களின் தொடக்கத்திலே டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி இம்மலைகளைச் சுற்றி வந்து படங்கள் தீட்டினார். கைத்திறன் மிக்கவர், மறுப்பாரில்லை. ஆனால், வெள்ளைப் படையினர் உடல்நலம் தேறித் தங்க ஏற்ற இடம் எது என்று கண்டறிய அரசு அனுப்பிய தூரிகை அது! பளியர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காடு, அந்தத் தூரிகைக்கு ஆளில்லா மனையிடம். 1863இல் வீர் லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். பின்னர் வந்த ஓவியர்கள் அந்த ஏரிக்கரையை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

மோட்டார் சாலை வருமுன், துரைமாரும் துரைசானிமாரும் எவ்வாறு மேலே போயினர்? அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தோளிலே சுமந்து ஏற்றினர் கூலிகள். கூலி காட் என்றே அவ்வழிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பாதைக்கு இருக்கிறது, படத்திலோ பாதையும் இல்லை, பாரஞ்சுமந்த தோளும் இல்லை.

வேறொரு மலைக்குப் போய் வருவோம். சுவிட்சர்லாந்தின் தாவோஸ், அதுவும் நோயாளிகள் நலம்நாடிச் செல்லும் மலையூர்தான். 1917இல் அங்கே வந்தார் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர். 1905இல் டிரெஸ்டன் நகரிலே கட்டடக்கலை மாணவர் நால்வர் கூடி, 'பாலம்' என்று பெயரிட்டு அமைத்த ஓவியக் குழுவிலே ஒருவர். போர்ப்பணி உடலையும் உள்ளத்தையும் முறித்துப்போட்ட மனிதர். எக்ஸ்பிரஷனிசம் என மேனாட்டார் வழங்கும் உணர்ச்சி வெளிப்பாட்டியத்தின் முன்னோடி. கண்ணுக்குப் பட்டதைப் பதிவுசெய்ய நிழற்படக் கருவி இருக்கிறது, உள்ளத்தில் பட்டதைக் காட்டவே ஓவியன் தேவை என்பது அவ்வியக்கத்தின் உயிர். அதற்காக உருவம் கோணட்டும், நிறம் பிறழட்டும் என்றனர். 1893இலேயே நார்வேயின் மூங்க், 'அலறல்' படத்திலே வானத்தைச் செந்தீயாக்கிக் காட்டியிருந்தார். அன்று வானிலை அப்படியா இருந்தது என்று கேட்பவருக்கு நம்மிடம் விடையில்லை!

கிர்ஷ்னர் 1919இல் தீட்டிய நிலவொளிப் பனிக்காட்சியில் மலை ஆழ்ந்த நீலம். துயரம் தோய்ந்த நீலம் அது. ஆனால் அவர் மலையோடு நிற்கவில்லை. அம்மலையில் உழைத்த உழவரை, மாடு மேய்ப்போரைத் தம் படங்களிலே நிறுத்தினார். 1937இல் இட்லர் ஆட்சி இத்தகைய ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று மியூனிக்கில் காட்சிக்கு வைத்து எள்ளி நகையாடியது. அடுத்த ஆண்டு கிர்ஷ்னர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். வெறும் வண்ணப்பூச்சுக்கா ஒரு வல்லாட்சி இவ்வளவு அஞ்சியது?

இஃது அன்னியச் சரக்கு, நமக்கேன் என்பாரும் உளர். தொல்காப்பியம் கற்ற நாட்டில் இப்படியும் ஒரு கேள்வி! முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று வைத்தனர் நம் முன்னோர். மலையும் பொழுதும் முதல். மரமும் விலங்கும் கரு. மனிதனின் உணர்வே உரி. குறிஞ்சி என்றால் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் செடி மட்டுமன்று, இரு நெஞ்சங்களின் கூடல். மலையை மனத்தின் மொழியாக்கிய மரபு நம்முடையது. நம் காட்சி ஓவியரோ முதலையும் கருவையும் வரைந்துவிட்டு, உரியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டனர்.

மேலைப் புதுமை நம் நாட்டுக்கு வராமலும் இல்லை. 1922இல் கல்கத்தாவில் காண்டின்ஸ்கி, கிளே ஆகியோரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. சென்னை ஓவியப் பள்ளியிலே பணிக்கரும், முனுசாமியும், சந்தானராஜும் உருவத்தைக் குலைத்துப் புத்துருவம் தேடினர். கீரனூரில் பிறந்த ஆதிமூலம், 1969இல் காந்தியாரைக் கோடுகளாலேயே வரைந்தார். முகச்சாயல் மட்டுமன்று, முதுமையின் களைப்பும் அக்கோடுகளில் பேசிற்று. பிற்காலத்தில் அவரே மண்ணை நினைவூட்டும் அகன்ற நிறப்பரப்புகளுக்குச் சென்றார். எழில்மிக்கவை அவை. எனினும், நிறத்துக்கு விடுதலை வாங்கித் தந்த நம் நவீன ஓவியம், பல வேளைகளில் நிறத்தோடே நின்றுவிட்டது என்பது நம் குறை.

கோடைக்கானலிலே ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசக் கழிவைப்பற்றிய கிளர்ச்சிக்குப் பின் 2001இல் மூடப்பட்டது. உடல்நலம் கெட்டதென முறையிட்ட முன்னாள் தொழிலாளர் 591 பேர், 2016இல்தான் கம்பெனியோடு உடன்பாடு கண்டனர். பாதரச ஆவிக்கு நிறமில்லை. கண்ணுக்கு அது தெரியாது. கண்டதை மட்டும் வரைபவன் அந்த ஆலை வாயிலில் நின்று எதை வரைவான்? பச்சைச் சோலை, பால்மூடுபனி! அங்கேதான் மூங்க்கின் வானமும் கிர்ஷ்னரின் நீலமும் தேவைப்படுகின்றன. 2015இல் சோபியா அஷ்ரப் என்ற இளம்பெண் அந்தத் தொழிலாளரின் வழக்கை ராப் பாட்டாக்கி உலகெங்கும் கேட்கச் செய்தார். பாட்டு வந்துவிட்டது. ஓவியர்களோ, சீசன் பிறந்ததும் வண்ணப்பெட்டியோடு ஏரிக்கரைக்கே போய் அமர்கிறார்கள்.