எண்பதும் முப்பதும்

நாகப்பட்டினத்தில் ஒருவர் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார். அவருடைய 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் முன் அவர் குற்றவாளி. அதே அளவோடு ஒருவர் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வீதியில் வந்தால், பொலிஸார் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போக விடவேண்டியதுதான். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவில், எல்லையை 30 மில்லிகிராமில் வைத்திருக்கிறது. இலங்கையின் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது 80. உலக சுகாதார நிறுவனமோ 50க்கு மேல் போகக்கூடாது என்கிறது. புதிய சாரதிகளுக்கு 20.

தண்டப்பணத்தில் இரு நாடுகளும் அவ்வளவு தூரம் விலகி நிற்கவில்லை. இலங்கையில் தண்டப்பணம் 25,000 ரூபாவிலிருந்து 30,000 வரை. அந்த இடத்திலேயே தண்டச்சீட்டு எழுதி முடிக்கிற குற்றமல்ல இது. மல்லாகமோ சாவகச்சேரியோ பருத்தித்துறையோ, நீதவான் முன் போய் நிற்கவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அவர் இடைநிறுத்தலாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்திய ரூபாய் இலங்கை ரூபாவைவிட மூன்று மடங்குக்கு மேல் மதிப்புள்ளது என்பதால், இலங்கைக் கணக்கில் அந்தத் தொகை 30,000ஐத் தாண்டுகிறது. இரண்டாம் தடவை 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே நாம் பேசவேண்டியது முதலில் எல்லையைப் பற்றித்தான். 80 என்ற எண் சாரதிக்கு ஒரு கணக்கைக் கற்றுக்கொடுக்கிறது: இவ்வளவு வரை குடிக்கலாம், பிறகும் ஓடலாம். அந்தக் கணக்கைப் போடுகிறவர் ஏற்கெனவே குடித்திருக்கிறார் என்பதே ஆபத்து. மதுசாரம் கைகாலைத் தளர்த்துமுன்பே நிதானத்தைக் கெடுத்துவிடுகிறது. எல்லை 30க்கு இறங்கினால் கணக்குப் போட இடமே இராது.

போதைப்பொருள் விடயத்தில் நிலைமை மாறிவிடுகிறது. இலங்கைச் சட்டத்தில் போதைப்பொருள் எடுத்தபின் வாகனம் செலுத்துவதே குற்றம். இந்தியச் சட்டத்திலோ, வாகனத்தைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை ஏறியிருந்தது என்று நிறுவவேண்டும். இங்கே நம் சட்டமே வலுவானது. ஆனால் ஊதினால் தெரிவது மதுசாரம் மட்டுமே. ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் கஞ்சாவும் அதில் பிடிபடா. இரத்தம், சிறுநீர், உமிழ்நீர் என்று வேறு சோதனை வேண்டும். இளைஞர்களிடையே ஐஸ் பரவிவரும் குடாநாட்டில், அந்த வசதி இல்லாத வீதிச் சோதனை பாதிச் சோதனைதான்.

தமிழ்நாட்டிடம் கற்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. 2022 ஒக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் பொலிஸார், குடித்தவர் ஓட்டும் வாகனத்தில் கூடப் போகிறவர்களுக்கும் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். குற்றத்துக்குத் துணைபோவதைத் தண்டிக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவே அதற்கு ஆதாரம். நம் ஊரில் கலியாண வீட்டு இரவிலும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் வைக்கும் விருந்திலும், குடித்தவர் திறப்பை எடுப்பதைப் பத்துப் பேராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பின்னாலும் ஏறிக்கொள்கிறார். மறுநாள் போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறவர்களும் அவர்கள்தான்.

இந்தியாவின் கடுமையும் தனியே போதவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், 2016 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீற்றருக்குள் மதுக்கடை கூடாது என்றது. அடுத்த ஆண்டே நகர எல்லைகளுக்கு விலக்குக் கிடைத்தது. சட்டத்தை இறுக்கிய கையே தளர்த்தவும் செய்தது.

ஆகவே கேட்கவேண்டியவை மூன்று. எல்லையை 30க்கு இறக்குங்கள். போதைப்பொருள் சோதனையை ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் கொண்டுவாருங்கள். கூடப் போகிறவரையும் பொறுப்பாளியாக்குங்கள். முதல் இரண்டும் அரசின் கையில். மூன்றாவதற்குச் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை: குடித்தவரிடமிருந்து திறப்பை வாங்கிவைக்க எந்த வர்த்தமானி அறிவித்தலும் வேண்டியதில்லை.