பிறப்பும் உறவும்: சிறுவர் விலங்குக் கதைகள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர்க்கு அறம் புகட்ட விலங்குகளையும் பறவைகளையும் பாத்திரங்களாக்கும் மரபு மிகப் பழையது. இக்கதைகள் இயற்கையின் பெயராற் பேசுவதால், அவை கூறுவன யாவும் இயல்பானவை, மாற்றமுடியாதவை என்னும் எண்ணம் இளமனங்களில் எளிதிற் பதிந்துவிடுகிறது. ஆகவே, பிறரை ஏற்றுக்கொள்ளலையும் ஒரு கூட்டத்துக்கு உரியவராதலையும் அவை எந்த அடிப்படையிற் கற்பிக்கின்றன என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது, டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் 1843 இல் வெளியிட்ட அழகற்ற தாராக்குஞ்சின் கதையாகும். தோற்றத்தின் காரணமாகக் கொத்துண்டும் விரட்டுண்டும் அலையும் குஞ்சின் துயரை அவர் மிகுந்த பரிவுடன் சித்திரிக்கிறார். முட்டையிடவோ முதுகை வளைக்கவோ அறியாத குஞ்சுக்குக் கருத்துக் கூறும் உரிமையே இல்லையெனக் கிழவி வீட்டுக் கோழியும் பூனையும் வாதிடும் பகுதி, தம் ஆற்றலையே உலகின் அளவுகோலாகக் கொள்வோர் மீதான கூரிய அங்கதமாகும். சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கொப்பன்ஹேகனின் உயர்குழாத்தினரிடையே இடம்பெற முயன்ற ஆசிரியரின் அனுபவம் இதில் உறைந்திருப்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர்.

எனினும் கதையின் முடிவு இப்பரிவுக்கு முரணானது. குஞ்சு ஏற்றுக்கொள்ளப்படுவது அது உண்மையில் அன்னமாக இருந்தமையாலேயே. விரட்டிய தாராக்கள் திருந்தவில்லை; முற்றமும் மாறவில்லை. அது அழகற்ற தாராவாகவே வளர்ந்திருப்பின் அதன் கதி யாது என்னும் வினாவுக்கு இங்கு விடையில்லை. ஆற்றலால் உயர்ந்த ஒருவர், அவ்வுயர்வைக் கதையில் முட்டையின் குலத்துக்கு உரியதாக்கியமை நகைமுரணாகும். இயற்கையும் இம்முடிவுக்கு முற்றிலும் துணைநிற்கவில்லை. பொரித்த வாத்துக்குஞ்சுகள் தாம் முதலிற் காணும் அசையும் உயிரை, அது மனிதனாயினும், தாயெனப் பின்தொடர்வதைக் கொன்றாட் லோறன்ஸ் 1930களில் விளக்கினார். உறவு குருதியால் மட்டும் அமைவதன்று, உடன்வாழ்தலாலும் அமைவது.

பஞ்சதந்திரத்தில் இவ்விரு நோக்குகளும் உள்ளன. சாயத்தொட்டியில் வீழ்ந்து நீலநிறம் பெற்று அரசாண்ட நரி, தன் ஊளையாலேயே இனங்காணப்பட்டு அழிகிறது. அது வஞ்சனைக்குக் கிடைத்த தண்டனை எனலாம். ஆயினும் அங்கே பிறப்பே இறுதிச் சாட்சியாகிறது. காகம், எலி, ஆமை, மான் ஆகியவற்றின் நட்புக்கதையோ வேறுபட்டது. காகத்துக்கு எலி இரை; அதனாலேயே எலி முதலில் நட்பை மறுக்கிறது. அந்த அச்சம் மறைக்கப்படவில்லை, பேசித் தீர்க்கப்படுகிறது. பின்னர் மான் வலையிற் சிக்கியபோது, காகத்தின் சிறகும் எலியின் பல்லும் ஒருங்கே துணையாகின்றன. லியோ லியோனியின் ‘சுவிமி’ (1963) என்னும் படக்கதையும் இத்தகையதே. சிவந்த மீன்கள் ஒரு பெருமீனின் வடிவில் அணிதிரள, கறுத்த சிறுமீன் அதன் கண்ணாகிறது. அதன் நிறம் மாறவில்லை. கூட்டத்தின் அமைப்பே மாறியது.

பயன்பட்டமையால் மட்டுமே அச்சிறுமீன் ஏற்கப்பட்டது என்று கற்பித்தால், கோழியும் பூனையும் கேட்ட கேள்வியையே ஆசிரியரும் கேட்டவராவார். தொடக்கத்திலேயே அது சிவந்த மீன்களோடு உடன்பிறப்பாக வாழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பெரும்பாலான பாடசாலைகள் மொழிவழியே பிரிந்துள்ள இலங்கையில், தன்னினத்தைக் கண்டடைதலே விடுதலை என்னும் பாடம் தீங்கற்றதன்று. அதற்காக அண்டர்சனை வகுப்பறையிலிருந்து விலக்கவேண்டியதில்லை. குஞ்சு அன்னமாகாதிருந்தால் முற்றத்தில் இருந்தோர் என்ன செய்திருக்கவேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்பதே ஆசிரியரின் கடமையாகும். கதை முடியுமிடத்திலன்றி, அவ்வினா பிறக்குமிடத்திலேயே கல்வி தொடங்குகிறது.