யார் பொருட்டு இந்நாற்காலி?

ஒரு நூலைத் திறனாயப் புகுவோர், அது யாரை நோக்கிப் பேசுகிறது என்று முதற்கண் வினவுவர். குழந்தைகளுக்கெனச் செய்யப்படும் வீட்டுப் பொருள்களுக்கும் அவ்வினா பொருந்தும். அவற்றை வாங்குவோர் பெற்றோர், கையாள்வோர் குழந்தைகள், துடைத்துப் பேணுவோர் மீண்டும் பெரியோரே. இவர்களுள் யாரை மனத்திற்கொண்டு ஒரு பொருள் உருவாக்கப்பட்டது என்பதிலேயே அதன் தகுதி அடங்கியுள்ளது.

பெரியோரின் பொருளைச் சிறிதாக்கி, அதன்மேல் ஒரு முயலின் படத்தை ஒட்டிவிட்டால் அது குழந்தையின் பொருளாகிவிடும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. படம் வாங்குவோரின் கண்ணைக் கவரும். குழந்தையின் கைக்கு உதவாது. 1990களின் இடைப்பகுதியில், ஓரல்-பி நிறுவனத்திற்காக அமெரிக்காவின் ஐடியோ வடிவமைப்பகத்தார் சிறுவர் பல் துலக்கும் முறையைக் கூர்ந்து நோக்கியபோது இவ்வுண்மை புலனாயிற்று. பெரியோர் பல்துலக்கியை விரல்களால் திருப்பித் திருப்பி இயக்குகின்றனர். சிறுவரோ முழுக் கையாலும் இறுகப் பற்றுகின்றனர். ஆகவே, சிறிய கைக்கு ஏற்றது மெல்லிய பிடியன்று. பருத்த, மென்மையான பிடியே. குழந்தை உருவத்தில் குறுகிய பெரியவர் அல்லர் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

எனினும், குழந்தைக்காகவே செய்வது என்று துணிந்த பின்னும் சிக்கல் முற்றத் தீர்வதில்லை. இரு நாற்காலிகளை ஒப்புநோக்கின் இது விளங்கும்.

முதலாவது, மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லத்'திற்கு உரியது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்த அம்மையாரும் இவரே. நகர்த்தவியலாத பெஞ்சுகளை விலக்கி, குழந்தை தானே தூக்கிச் செல்லத்தக்க இலகுவான நாற்காலிகளை அவர் விரும்பினார். அவை கவிழ்ந்து ஓசையெழுப்புமே என்னும் தடைக்கு அவர் தந்த விடை சிந்தனைக்குரியது: அவ்வோசையே குழந்தைக்கு அதன் தவற்றை உணர்த்தும், நாளடைவில் அதன் நடை சீர்படும்.

இரண்டாவது, நார்வே நாட்டின் பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் உருவாக்கிய 'ட்ரிப் ட்ராப்'. குழந்தை நாற்காலிக்குப் பெரியவனாகவும், பெரியோர் நாற்காலிக்குச் சிறியவனாகவும் தம் மகன் மேசையருகே கால் தொங்க இடர்ப்பட்டதைக் கண்டு அவர் இதனை வடித்தார். சாய்ந்த இரு மரக்கால்களில் பள்ளங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இருக்கைப் பலகையையும் பாதப் பலகையையும் வளர்ச்சிக்கேற்ப அவற்றில் மாற்றிப் பொருத்தலாம். குழந்தை குடும்பத்தின் மேசைக்கே வந்து, கால் ஊன்றி அமர்கிறது.

இவற்றுள் எது சிறந்தது? மாண்டிசோரியின் நாற்காலி குழந்தைக்குத் தன்னுரிமை வழங்குகிறது. ஆயின் குழந்தை வளர்ந்தால் அது பயன்படாது. பெரியோர் மேசைக்கும் அது எட்டாது. ஓப்ஸ்விக்கின் நாற்காலி குழந்தையைப் பெரியோருடன் சமமாக அமர்த்துகிறது. ஆயின் பலகையை மாற்றும் கருவி பெரியோர் கையில் உள்ளது. அவர்கள் மறந்துவிடின், வளர்ந்த பிள்ளை பழைய அளவிலேயே முடங்கி அமர நேரும். முன்னது குழந்தையைத் தனியாளாகக் கொள்கிறது. பின்னது குடும்பத்தின் உறுப்பாகக் கொள்கிறது. இரண்டும் மெய்யே, எனினும் ஒன்றைத் தேரும்போது மற்றொன்று ஓரளவு விடுபடுகிறது. அவ்விழப்பை அறிந்து தேர்வதே நல்ல வடிவமைப்பு.

ஆசிரியர்க்கும் இதில் பாடமுண்டு. வகுப்பறை அலமாரியின் உயரம், கைகழுவும் குழாயின் திருகு, புத்தக அடுக்கின் ஆழம் ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை எண்ணி அமைந்தவையே. மாணவன் ஒவ்வொரு முறையும் ஆசிரியரை அழைத்தே ஒரு பொருளை எடுக்க வேண்டியிருப்பின், அவ்வறை அவனுக்காக அமைந்ததன்று. பொருள் அழகுடையதா என்று காணுமுன், குழந்தை அதனைத் தானே எடுத்து, பயன்படுத்தி, மீண்டும் வைக்க இயலுமா என்று காண்பதே முறை.