இழப்பில்லாத புதுவாழ்வு

கணவனைப் பிரிந்து, பிள்ளைகளின் கைகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஒரு தாயை நகைச்சுவைக் கதையின் தலைவியாக்குவது எளிய செயலன்று. அழவேண்டிய இடத்தில் நம்மைச் சிரிக்க வைக்க விரும்பும் கலைஞர், அந்த அழுகையின் காரணத்தை முதலில் நமக்கு ஒளிக்காமல் காட்டியிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹோம் அகெய்ன்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆலிஸ் கின்னி நாற்பது வயதை எட்டியவள். இசைத்துறையில் பணிபுரியும் கணவனை நியூயார்க்கில் விட்டுவிட்டு, இரு மகள்களுடன் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தந்தையின் இல்லத்திற்குத் திரும்புகிறாள். மறைந்த அத்தந்தை புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர், தாய் நடிகை. பிறந்தநாள் இரவில் அவள் சந்திக்கும் மூன்று இளைஞர்கள், திரைப்படம் எடுக்கும் கனவோடு அந்நகருக்கு வந்தவர்கள். தாயாரின் பரிவினால் அம்மூவரும் அவ்வீட்டின் விருந்தினர் மனையிலேயே குடியேறிவிடுகின்றனர். அவர்களுள் ஒருவனான ஹாரிக்கும் ஆலிஸுக்கும் இடையே காதல் மலர்கிறது. பிரிந்த கணவனும் ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறான்.

கதைக்கு வேண்டிய சிக்கல்கள் அனைத்தும் இங்கே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சிக்கலும் தோன்றும்போதே அதற்குரிய தீர்வும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டு வாடகையைப் பற்றி ஆலிஸ் ஒருமுறையேனும் கணக்குப் போட வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். புதிய இடம், புதிய பள்ளி, தந்தையில்லாத வீடு ஆகியவை குழந்தைகளின் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்ற வினாவுக்கு, மூத்த மகள் இசபெல் பள்ளிக்காக எழுதும் நாடகத்தின் வழியாக ஒரு சிறு விடை கிடைக்கிறது. அவளது தயக்கத்தைப் பொறுமையோடு கேட்கும் ஜார்ஜ் என்ற இளைஞனுக்கும் அச்சிறுமிக்கும் இடையிலான நட்பு, படத்தின் காதலைவிட உயிருள்ளது. அந்த நட்பைச் சுற்றியே கதையைப் பின்னியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு நல்ல இழையும் உண்டு. உள் அலங்காரத் தொழிலைத் தொடங்கும் ஆலிஸுக்கு வாய்க்கும் முதல் வாடிக்கையாளர் ஸோயி, செல்வச் செருக்குடைய பெண். ஒப்புக்கொண்ட வேலையை விட்டுவிட்டு, எடுபிடி வேலைகளுக்கெல்லாம் அவளை ஏவுகிறாள். நாற்பது வயதில் பிறரிடம் கூலி பெற நிற்பவள் விழுங்கவேண்டிய அவமானம் அங்கே ஒரு கணம் மின்னி மறைகிறது. நல்ல நகைச்சுவை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். ஆனால் ஆலிஸ் அந்த வேலையை உதறிவிட, படமும் அதை மறந்துவிடுகிறது. அந்த வருவாயை இழந்ததால் அவ்வீட்டில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இயக்குநர் ஹாலி மேயர்ஸ்-ஷையருக்கு இதுவே முதற்படம். 'சம்திங்ஸ் காட்டா கிவ்' (2003), 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' (2009) ஆகிய படங்களை இயக்கிய நான்சி மேயர்ஸ் இவரது அன்னை. இப்படத்தைத் தயாரித்தவரும் அவரே. அன்னையின் படங்களில் காணும் அழகிய சமையலறைகளும் வெளிச்சம் நிறைந்த கூடங்களும் மகளின் படத்திலும் குறைவின்றி இருக்கின்றன. (அந்தச் சமையலறையில் சமைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும்!) ஆனால் அந்த அறைகளுக்குள் அன்னையின் நாயகியர் சில வேளைகளில் உண்மையாகவே நொறுங்கிப்போனார்கள்.

பொழுதுபோக்குப் படத்திடம் இவ்வளவு கேட்கலாமா என்று சிலர் வினவக்கூடும். கேட்கலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1974இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய 'ஆலிஸ் டஸன்ட் லிவ் ஹியர் எனிமோர்' படத்தின் நாயகியும் ஓர் ஆலிஸ்தான். கணவன் விபத்தில் இறந்தபின், பாடகியாகும் பழைய கனவோடு மகனை ஏற்றிக்கொண்டு காரில் புறப்படுகிறாள். அவளை நாடிவரும் இளையவன் ஒருவன், திருமணமானவன் மட்டுமல்ல, வன்முறையாளனும்கூட என்று தெரிந்ததும் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகிறாள்; பின்னர் டூசான் நகரின் சிற்றுண்டிச் சாலையில் பரிமாறும் வேலை செய்கிறாள். பண்ணைக்காரன் டேவிட் நல்லவன். ஆயினும் அவன் தன் மகனை அடித்தபோது, காதலனா பிள்ளையா என்ற கேள்வி அவள்முன் நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே அந்தத் தாயும் மகனும் வாயாடும் வாயாட்டம் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். எல்லன் பர்ஸ்டினுக்கு ஆஸ்கார் விருது பெற்றுத் தந்த பாத்திரம் அது.

இரண்டாம் ஆலிஸாக நடித்த ரீஸ் விதர்ஸ்பூனிடம் திறமைக்குக் குறைவில்லை. தன்னைவிட இளைய ஆடவனை விரும்பும் பெண்ணை ஏளனத்திற்கு ஆளாக்காமல் காட்டியதற்காக இயக்குநரையும் பாராட்டவேண்டும். ஆனால் ஹாரி ஓர் இரவு விருந்துக்கு வராமல் ஏமாற்றும்போது, ஆலிஸ் இழந்தது ஒரு மாலைப்பொழுது மட்டுமே என்றுதான் நமக்குப் படுகிறது. அதற்குமேல் இழக்க அவளுக்கு எதையும் கதை கொடுத்திருக்கவில்லை.

முடிவில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்கள். யாருக்கு யார்மீது மனத்தாங்கல், நாளை இவ்வீட்டில் யார் இருப்பார்கள், அந்தச் சிறுமியர் இவர்களுள் யாரை நம்பிப் பழகலாம் என்பவை கேட்கப்படவே இல்லை. ஆலிஸ் மட்டும் மேசையைச் சுற்றிப் பார்த்துப் புன்னகைக்கிறாள்.